முழு கிளாஸ் டீ

புதிதாக மேனேஜர் ஆனவர்களைக் கொஞ்ச நாளைக்கு எந்த நல்ல காரியமும் செய்ய விடக்கூடாது. கெடுதல் செய்தால்கூட ஜனங்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். நல்லது செய்யக் கிளம்பினால்தான் ஆபத்து. நான் கிளம்பினேன்.

மும்பையில், செம்பூர் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த என்னை, குர்லாவில் இருந்த தன் ஸ்கூல் பை பட்டறைக்கு மேனேஜராக அனுப்பினார் முதலாளி சேட். முதல் ஆர்டர் நேரத்துக்குப் போய்ச் சேரட்டும், அதற்கப்புறம் என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பார்க்கலாம் என்றார். வீட்டில் அந்தப் பின்பாதியை நான் சொல்லவில்லை. அதற்குள் அம்மா தாராவியில் எங்கள் சந்து முழுக்க லட்டு கொடுத்து முடித்துவிட்டாள். லட்டு தின்றவர்கள் முகத்தில் முழிக்க வேண்டுமே என்பதற்காகவாவது நான் ஜெயித்தாக வேண்டும்.

ரயிலில் தொங்கியபடியே போனில் வீடியோ பார்த்து மேனேஜர் வேலையைப் படித்தேன். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், முதலில் பாராட்டுங்கள், எதிர்காலத்தைப் பற்றிக் கேளுங்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். (கடைசி ஒன்று மட்டும் எனக்குப் பழக்கமில்லை. அதையும் பழகிவிடுவது என்று முடிவு கட்டினேன்.)

முதல் ஆர்டரை ஏற்றிப்போக அன்றைக்குச் சாயங்காலம் டெம்போ வரவேண்டும். காலையிலேயே எல்லோருக்கும் உற்சாகம் ஏற்றிவிடலாம் என்று முதலில் இசக்கி அண்ணனைக் கேபினுக்குக் கூப்பிட்டேன். என் பெரியப்பா மகன், அங்கே துணி வெட்டும் மாஸ்டர். வீட்டில் என்னை 'ஏட்டி' என்பவர், நான் மேனேஜரான நாளிலிருந்து 'மேடம்' ஆக்கிவிட்டார். மெஷின் சத்தம் கேட்காமல் இருக்கக் கதவைச் சாத்தினேன். பட்டறையில் எல்லோருக்கும் எப்போதும் கட்டிங் சாய்தான், அதாவது அரை கிளாஸ். மரியாதையாக இருக்கட்டுமே என்று அண்ணனுக்கு இஞ்சி தட்டிப் போட்ட முழு கிளாஸ் வரவழைத்தேன். அவர் கிளாஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இம்புட்டு வருசமா இந்தப் பட்டறைக்கு எவ்வளவோ ஒழச்சிருக்கிய அண்ணே. அத மறக்க மாட்டோம். இன்னும் அஞ்சு வருசத்துல நீங்க எங்க இருக்கணும்னு நினைக்கிய?"

"எங்கன போவேன் மேடம்? ரெண்டு பொம்பளப் பிள்ளய இருக்குல்லா."

வீடியோவில் சொன்னபடி பேசாமல் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே போனார். அடுத்து வந்த ஸல்மா, தையல் வரிசைக்கு மூத்தவள், பாராட்டை முடிப்பதற்குள் அழ ஆரம்பித்தாள். முதல் பேச்சிலேயே இப்படி மனம் திறக்கிறார்களே என்று அவளுக்கும் ஒரு முழு கிளாஸ் வரவழைத்தேன்.

மதியம் அம்மா போன் செய்தாள்.

"ஏட்டி, இசக்கிய வேலய விட்டு எடுத்துட்டியாமே? ஒம் மதினி இங்க வந்து அழுதுட்டு நிக்கா."

யார் சொன்னது என்றேன்.

"கதவச் சாத்தி முழு கிளாஸ் டீ குடுத்தியாம்லா. பெறகு என்ன சொல்லணும்?"

பழைய மேனேஜரின் பழக்கம் அதுவாம். ஆளை நிறுத்துவதென்றால் கதவைச் சாத்தி, முழு கிளாஸ் டீ கொடுத்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவார். தாராவியில் என் அம்மாவரைக்கும் தெரிந்திருந்த இந்தச் சடங்கு, புது மேனேஜருக்கு மட்டும் தெரியவில்லை.

கேபினை விட்டு ஓடிவந்தேன். மெஷின்கள் இருந்தன, ஆட்கள் இல்லை. தேடிப் போனால், இனித் தங்கள் முறைதான் என்று பயந்து எல்லோரும் அடுத்த சந்திலிருந்த இன்னொரு பை பட்டறை வாசலில் வேலை கேட்டு நின்றுகொண்டிருந்தார்கள். என் வேலை போவது இருக்கட்டும், இத்தனை பேரின் வயிற்றில் அல்லவா காலையிலிருந்து நான் அடித்திருக்கிறேன். யாரையும் நிறுத்தவில்லை என்று தமிழிலும் ஹிந்தியிலும் கத்தினேன். டீ எதற்கு என்றாள் ஸல்மா. இரண்டு வாய் கூடக் குடிக்கட்டுமே என்றுதான் என்றேன். அப்படியென்றால் கதவு எதற்கு என்றார் இசக்கி அண்ணன்.

அதற்கு மேல் பேசிப் பயனில்லை. தயக்கத்தோடு பின்னால் வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினேன். மெஷின் ரிப்பேர் பெட்டியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கேபின் கதவைக் கழற்ற ஆரம்பித்தேன். துருப்பிடித்த திருகாணி அசையவில்லை. கை கிழிந்தது. இன்றைக்கு இந்தக் கதவா நானா என்று பார்த்துவிடுகிறேன் என்று நின்றேன். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்த இசக்கி அண்ணன் பக்கத்தில் வந்தார்.

"தள்ளிக்கோட்டி. இப்படித் திருப்புனா வராது."

'மேடம்' போய் 'ஏட்டி' வந்ததும் எனக்கு உயிர் வந்தது.

கழற்றிய கதவை இரண்டு ஸ்டூல் மேல் போட்டு, அதன் மேல்தான் பைகளைக் கட்டினோம். நானும் கட்டினேன். (நான் கட்டியதை ஸல்மா பிரித்து மறுபடி கட்டினாள்.) டெம்போ தாமதமாகத்தான் கிளம்பியது, ஆனாலும் ஆர்டர் போய்ச் சேர்ந்தது. சேட் வந்து கதவில்லாத கேபினை வெகுநேரம் பார்த்தார். நாளைக்கு வா என்று மட்டும் சொன்னார்.

நாளைக்கு, நாளைக்கு என்று இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன். கேபினுக்குக் கதவு போடவில்லை. இப்போதெல்லாம் அவரவர் மெஷின் பக்கத்தில் நின்றுதான் பேசுகிறேன், அதிலும் பாதி நேரம் கேட்கிறேன்.

ஆனால் இசக்கி அண்ணன் விடுவதாயில்லை. பொங்கலோ கல்யாணமோ, எங்கள் வீட்டில் யார் டீ கொடுத்தாலும், எல்லோரும் பார்க்கப் பாதியை என் கிளாஸில் ஊற்றுவார்.

"எனக்கு அரை கிளாஸ் போதும்ட்டி. ரெண்டு பொம்பளப் பிள்ளய இருக்குல்லா."