முப்பத்தாறு டிக்

அன்பு மருமகள் ரேணுகாதேவிக்கு,

அருப்புக்கோட்டையிலிருந்து மாமா சுப்புராஜ் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை ராஜேஸ்வரியும் சுகம், மழைதான் இல்லை. நீயும் உன் கூட வேலை பார்க்கும் மாதவன் தம்பியும் சுகமாக இருக்க வேண்டும். அவரை ஏன் தனியாக விசாரிக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வாய் வரவில்லை.

போன மாதம் நீ, "மாமா, மில்லுல நீங்க இருபது வருசமா ஓட்டுன அதே புள்ளிவிவர சாப்ட்வேருதான். கணக்குப் போடுற பகுதியத் தொடல. பட்டன், மெனு, விண்டோ அம்புட்டையும் புதுசா எழுதியிருக்கோம். பாக்கப் பழசு மாதிரியேதான் இருக்கும். ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்து டிக் போட்டு அனுப்புங்க" என்று மெயிலில் அதை அனுப்பி, முப்பத்தாறு வரிப் பட்டியலும் கொடுத்தாய். "நான் பாக்காத சாப்ட்வேராம்மா" என்றேன். நூலின் பலத்தை அதில் போட்டுப் பார்த்தே ரிட்டையராகி, அதை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஏற்றி வைத்திருப்பவன் என்ற திமிர். நாலாவது வரியில் ஏதோ ஒரு பெட்டி வந்து, சேமிக்கவா வேண்டாமா என்று கேட்டது. எதை அமுக்குவதென்று தெரியவில்லை. உன்னைக் கேட்க வெட்கம். அந்த நேரம் பார்த்து உன் அத்தை, திருச்சுழி காதுகுத்துக்கு பஸ்ஸு போயிரும் என்று வாசலில் நின்றாள். மிச்சம் முப்பத்துமூன்று வரிக்கும் மடமடவென்று டிக் போட்டு அனுப்பிவிட்டுச் சட்டையை மாட்டினேன். காதுகுத்து வீட்டுப் பந்தியில், நான் சரி சொன்னால்தான் அந்த சாப்ட்வேரு வெளியே வரும் என்று பக்கத்து இலைக்காரரிடம் பேசியதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். வாங்க வந்தவர்கள் முன்னால் பிரிண்டு பட்டனை அமுக்கியதும் விண்டோ மொத்தமும் மூடிக்கொண்டது, அதை எழுதிய மாதவன் தலை குனிந்து நின்றார் என்றாய். "மாமா, நீங்க பிரிண்டு போட்டுப் பாத்தீகளா?" என்று கேட்டாய். "பாத்தேம்மா, நல்லா வந்துச்சு" என்றேன். நம் வீட்டில் பிரிண்டரே கிடையாது.

உன் அத்தை கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க சொன்ன பொய்யால அந்தப் பையன் வேற எங்கயோ தப்பத் தேடிக்கிட்டுக் கெடப்பான். சோறு எறங்குதாக்கும்?" என்றாள். இறங்கவில்லை.

அதனால் நேற்று தெருமுனை ஜெராக்ஸ் கடை தங்கமாரியிடம் பிரிண்டரை இரவல் வாங்கி, காலையிலிருந்து சாயங்காலம் வரை முப்பத்தாறையும் உண்மையாகவே பார்த்தேன். ஒன்பது குறைகள். வரைபடத்தின் அடியில் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ரத்து என்ற பட்டன் எதையும் ரத்து செய்யவில்லை. பிரிண்டு பாதித் தாளோடு நின்றுவிடுகிறது. மற்றவற்றைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். அன்றே சொல்லியிருந்தால் அந்தத் தம்பிக்கு இந்தத் தலைகுனிவு வந்திருக்காது. இந்தக் கடிதத்தை உன் மேனேஜரிடம் காட்டு. தப்பு மாதவனுடையது அல்ல, என்னுடையது. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் எல்லோரும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் மாமா,
சுப்புராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது தங்கமாரி பிரிண்டரை எடுக்க வந்தாள். திரையைப் பார்த்துவிட்டு, "இது பழசுதான சித்தப்பா. அவுக அனுப்புனது இன்னும் மெயிலுலயே கெடக்கு. நீங்க தெறக்கவே இல்ல" என்றாள். ஆகவே மேலே சொன்ன ஒன்பதையும் அடித்துவிடு. அவை இருபது வருடமாக நான் ஊரெல்லாம் புகழ்ந்த பழசின் குறைகள். மேனேஜரிடம் காட்ட வேண்டாம். மன்னிப்பு மட்டும் நிற்கட்டும், அதை இரண்டாகக் கணக்கு வைத்துக்கொள்.