லா ரூவியேர் விற்பனைக்கு

வாசல் கம்பத்தில் அறைந்திருந்த ‘மாளிகையும் தோப்பும் விற்பனைக்கு’ என்ற பலகையைப் பிடுங்கிக் கிணற்றில் போடலாமா, இல்லை தெரியாமல் பட்டதுபோல டிராக்டரை அதன்மேல் ஏற்றிவிடலாமா என்று அனிசே யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாங்க வந்தவர்களின் கார் உள்ளே நுழைந்துவிட்டது.

விளையாட்டு விஷயமில்லை. லா ரூவியேர் மாளிகையின் தோட்டக்காரன், காவல்காரன், சாவிக்கொத்து எல்லாம் அவன்தான். பத்தொன்பது வருடமாக அவனும் மனைவி லூசெத்தும் வாசலை ஒட்டிய சின்ன வீட்டில் வாடகையில்லாமல் குடியிருக்கிறார்கள். மாளிகை கைமாறினால் புது முதலாளி புது ஆளோடு வருவார். ஐம்பத்தெட்டு வயதில் இவர்கள் துலூஸில் லூசெத்தின் தங்கை வீட்டுப் பின்னறையில் போய் ஒண்ட வேண்டும். தினமும் சகலையின் முகத்தில் விழிக்க வேண்டும்.

மாளிகையின் சொந்தக்காரி மதாம் எர்மான்ஸுக்கு எழுபத்திரண்டு வயது. நல்ல மனுஷி. அவர் எந்த வேலையைச் சொன்னாலும் “ஆகட்டும் மதாம், நாளைக்கு” என்பான் அனிசே. அந்த நாளை வருவதற்குள் பருவம் மாறிவிடும். அவரும் பெருமூச்சோடு விட்டுவிடுவார். அப்படிப்பட்ட முதலாளியம்மாள் இனி எங்கே கிடைப்பார்?

“அனிசே, இவர் முஸ்யே பெர்தோலியே. சம்சாரத்தோட லியோன்லேர்ந்து வந்திருக்கார். எனக்கு முட்டி வலி. நீங்களே சுத்திக் காட்டிடுங்க” என்றார் மதாம்.

பெர்தோலியே வைக்கோல் தொப்பியைக் கழற்றி அண்ணாந்து பார்த்தார். மாளிகையின் முகப்பே தெரியாமல் அடிமுதல் கூரைவரை படர்ந்திருந்த கொடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“ஆஹா! என்னமா போர்த்திக்கிட்டு நிக்குது பாருங்க! இந்தக் கொடிக்காகவே வீட்டை வாங்கலாம்.”

அன்று சாயங்காலம் சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டபடி அனிசே தன் திட்டத்தைச் சொன்னான்.

“லூசெத், அந்தக் கொடிக்குப் பின்னால சுவர்ல ஒரு விரிசல் இருக்கு. கையே உள்ள போகும். கொடியைப் பிச்சு எறிஞ்சிட்டா விரிசலைப் பாத்துட்டு ஓடிடுவாங்க.”

“விரிசலை நீ எப்போ பாத்தே?”

“வந்த புதுசுல.”

“பத்தொன்பது வருஷமா ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னா யார் பூசறது?”

“அதானே பாத்தேன்” என்றாள் லூசெத்.

மறுநாள் அனிசே ஏணியைச் சாத்தினான். ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை அந்த ஊரில் நாய்கூடக் குரைக்காது; எல்லோருக்கும் மதியத் தூக்கம். அந்த நேரத்தில் அனிசே விழித்திருந்து யாரும் கண்டதில்லை. அவன் ஏணிமேல் நிற்கிறான் என்ற செய்தி கேட்டுக் காப்பிக்கடையிலிருந்து நாலு பேர் தூக்கத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஒருவர் உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று அக்கறையாக விசாரித்தார்.

நாலு நாள் இழுத்தான். கைகள் கிழிந்தன, முதுகு விட்டுப்போயிற்று. கடைசிக் கொத்தும் விழுந்தபோது உள்ளேயிருந்து தேன் நிறத்தில் கல் முகப்பு ஒன்று வெளியே வந்தது. கதவுக்கு மேலே 1611 என்று செதுக்கியிருந்தது. இரண்டு பக்கமும் கல்லில் திராட்சைக் குலைகள். விரிசல் என்று அவன் பத்தொன்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தது சுவரோடு ஒட்டிக் காய்ந்துபோன பழைய தண்டு.

சனிக்கிழமை திரும்பி வந்த பெர்தோலியே கைதட்டினார். “மதாம், இப்படி ஒரு முகத்தையா இத்தனை நாள் முக்காடு போட்டு வச்சிருந்தீங்க!”

அவர் மனைவியோ நேராகக் குளத்தங்கரைக்குப் போனாள். “கொடி போனா போகட்டும். இந்தக் குளத்தை மட்டும் தொடவே கூடாது. பச்சைப் பசேல்னு பாசி, தவளை… எவ்வளவு இயற்கையா இருக்கு!”

அனிசேயின் காது விடைத்துக்கொண்டது.

“நல்லா இருக்கு உன் சாமர்த்தியம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்” என்றாள் லூசெத், அவன் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே. “ஆமா, அவங்க விலை என்னன்னு கேட்டாங்களா?”

“பணக்காரங்க விலை கேக்க மாட்டாங்கடி. நீ பேசாம தேய். குளத்தைத் திறந்துவிடப் போறேன். முப்பது வருஷத்துச் சேறு. அந்த நாத்தத்துல லியோன்காரங்க லியோன்லதான் போய் நிப்பாங்க.”

துருப்பிடித்த மதகைச் சம்மட்டியால் அடித்துத் திறந்தான். தண்ணீர் போயிற்று, சேறு நின்றது. நாற்றமும் நினைத்தபடியே வந்தது. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பதை அவன் யோசிக்கவில்லை. லியோன் எங்கேயோ இருக்கிறது. லூசெத்தின் சமையலறை இருபதடியில் இருந்தது.

“மூக்கு எனக்கும் இருக்கு!” என்று அவள் ஜன்னலிலிருந்து கத்தினாள். “பொழுது சாயறதுக்குள்ள இந்தச் சேறு போகணும். இல்லேன்னா சேறு இருக்கட்டும், நீ போ!”

வேறு வழியில்லை. தள்ளுவண்டியில் அள்ளி அள்ளிப் பிளம் மரங்களின் அடியில் கொட்டினான். அன்றைக்குத் தீரவில்லை, மறுநாளும் அள்ளினான். அடியில் வழுவழுவென்று கல்தளமும் இறங்கிப் போகப் படிகளும் இருந்தன. மூடிக்கிடந்த ஊற்றுக்கண் திறந்துகொண்டு, அடி தெரிகிற தண்ணீர் தானாக ஏறியது. பெர்தோலியேயின் மனைவி அடுத்த முறை வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள்.

பெர்தோலியே புல்வெளியைப் பார்த்தார். உழுதுபோட்ட மாதிரி கிடந்தது.

“இது யார் வேலை?”

“காட்டுப்பன்றி, முஸ்யே. தோப்புல கூட்டமா இருக்கு” என்றான் அனிசே நம்பிக்கையோடு.

“அடடே! பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாமே! இங்க வேட்டை கீட்டை ஒண்ணும் கிடையாதே? எனக்குத் துப்பாக்கிச் சத்தம் ஆகாது. அமைதிதான் உயிர்.”

அனிசேவுக்கு அவர் கையைப் பிடித்து முத்தமிடலாம்போல இருந்தது. பரம்பரை எதிரியின் பலவீனத்தை எதிரியே வந்து சொன்னால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

ஒரே ஒரு சிக்கல். ஊர் வேட்டைச் சங்கத்துத் தலைவர் லாரியூவோடு அவனுக்கு நாலு வருடமாகப் பேச்சில்லை. சங்கத்துக்காரர்கள் அன்றிலிருந்து லா ரூவியேர் தோப்பில் காலெடுத்து வைப்பதில்லை. காரணம் இரும்புக் குண்டு ஆட்டம். குறியாக வைக்கும் சின்ன மரக்கட்டைக்குப் பக்கத்தில் யார் குண்டு நின்றது என்பதில் வந்த தகராறு. அந்த ஊரில் பெண்டாட்டி ஓடிப்போனால் மன்னிப்பார்கள், தப்பாக அளந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

அனிசே காப்பிக்கடைக்குள் நுழைந்ததும் சீட்டாட்டம் நின்றது.

“என்னடா, வழி தப்பி வந்துட்டியா?” என்றார் லாரியூ, தலையை நிமிர்த்தாமல்.

அனிசே தொண்டையைச் செருமினான். “லாரியூ… அன்னிக்கு உன் குண்டுதான் கிட்ட இருந்துச்சு.”

“சத்தமா சொல்லு. பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல.”

“உன் குண்டுதான்டா! ரெண்டு மில்லிமீட்டர்.”

“மூணு.”

அனிசே கண்ணை மூடிக்கொண்டான். லூசெத்தின் தங்கை வீட்டுப் பின்னறை தெரிந்தது. “மூணு” என்றான்.

லாரியூ எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேருமே கொஞ்சம் அழுதார்கள். நாலு வருடமாக இருவருக்கும் ஆட்டத்துக்குச் சரியான ஜோடி கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை பதினாறு துப்பாக்கிகளும் முப்பது நாய்களும் தோப்பில் இறங்கின. பத்து மணிக்கு பெர்தோலியே காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தார்; ‘டுமீல்’ என்றது. தொப்பி கீழே விழுந்தது. அனிசே மனசுக்குள் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினான்.

பன்னிரண்டு மணிக்கு அவனே அந்த மெழுகுவர்த்தியை ஊதி அணைக்க வேண்டியதாயிற்று. வேட்டை முடிந்தால் அந்த இடத்துக்காரர் வாசலிலேயே பந்தி போடுவது சங்கத்து வழக்கம். நீள மேஜை வந்தது, போன வாரத்துப் பன்றியின் குழம்பு சட்டியோடு வந்தது, சிவப்பு ஒயின் குடம் குடமாக வந்தது. நடுநாயகமாக உட்கார்ந்திருந்த பெர்தோலியே மூன்றாம் தரம் குழம்பு வாங்கிக்கொண்டு, லாரியூவின் தோள்மேல் கைபோட்டுப் பாடிக்கொண்டிருந்தார். தோப்பில் இனி ஒரு பன்றியும் மிச்சமில்லை.

“முடிவு பண்ணிட்டேன்!” என்று கோப்பையைத் தூக்கினார். “செவ்வாய்க்கிழமை நோட்டரிகிட்ட கையெழுத்து!”

அனிசேவுக்குக் குழம்பு இறங்கவில்லை. எழுந்து நேராக மாளிகைச் சமையலறைக்குப் போனான். மதாம் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

“மதாம், உங்க உப்பைத் தின்னுட்டு உங்களுக்கே துரோகம் பண்ணிட்டேன். வீடு விலை போகக் கூடாதுன்னுதான் எல்லாம் செஞ்சேன்.”

“எல்லாம்னா? கொடியை எடுத்தீங்களே, அதுவுமா?”

“அதுவும்தான்.”

“குளம்?”

“அதுவும்.”

“லாரியூகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களாமே?”

“மன்னிப்பு கேக்கல மதாம். அளவைத் திருத்திக்கிட்டேன்.” அவன் குரல் உடைந்தது. “எனக்கு இந்த இடத்தை விட்டா வேற இடம் தெரியாது. லூசெத் நேத்து ராத்திரி பூரா தூங்கல. நாங்க எங்க போவோம்?”

மதாம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. வயசான காலத்தில் இவரையும் அழவைத்துவிட்டோமே என்று அனிசே தன்னையே நொந்துகொண்டான்.

“போங்க அனிசே” என்றார் அவர், முகத்தைக் காட்டாமலே. “செவ்வாய்க்கிழமை பாத்துக்கலாம்.”

செவ்வாய்க்கிழமை காலையில் லூசெத் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் திட்டாமல் இருந்ததுதான் அனிசேவுக்குப் பயமாக இருந்தது. அப்போது மதாமே தோட்டத்தைக் கடந்து அவர்கள் வீட்டுக்கு வந்தார். முட்டி வலி இருந்ததாகத் தெரியவில்லை.

“அதெல்லாம் பிரிச்சு வைம்மா லூசெத். நான் விக்கல.”

“மதாம்?”

“நேத்து சாயங்காலம் குளத்தங்கரையில நின்னு வீட்டைப் பாத்தேன். இவ்வளவு அழகான வீட்டை யாராவது விப்பாங்களா? பெர்தோலியேகிட்ட சொல்லிட்டேன். அவருக்கும் வருத்தமில்லை. அந்தப் பலகையைக் கழட்டிடுங்க அனிசே.”

வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. லூசெத் கையிலிருந்த கரண்டியால் அனிசேயின் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அவனையே கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சிரித்தாள். அனிசே பலகையைக் கழற்றினான், வெண்ணெய் தடவிய ரொட்டி நாலு துண்டு தின்றான், மூன்று வாரமாகச் சேர்ந்துகிடந்த தூக்கத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு ஓக் மரத்தடியில் போய்ப் படுத்தான். இனி அடுத்த பத்தொன்பது வருடத்துக்கு ஏணியைத் தொடுவதில்லை. எல்லாம் நாளைக்குத்தான்.

கண் செருகும் நேரத்தில் தபால் வண்டி வந்து நின்றது. தபால்காரி நாதேஜ் ஒரு அட்டையை நீட்டினாள்.

“மதாமுக்கு அவங்க சிநேகிதிகிட்டேர்ந்து வந்திருக்கு, குடுத்துடுங்க. நான் படிக்கல, அதுவா கண்ணுல பட்டுச்சு: ‘உன் வீட்டு வேலையெல்லாம் முடிஞ்சிருந்தா, உன் பல் டாக்டர் பெர்தோலியேவைச் சனிக்கிழமை எங்க மாளிகையையும் வாங்க அனுப்பு, எங்க தோட்டக்காரனும் ஆறு வருஷமா கூரைமேல ஏற மாட்டேங்கறான்’னு எழுதியிருக்கு.”