அம்பூரி ஏற்றமும் விரல்நீளக் குழாயும்

காரோடு,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய ஆனந்தபாய் மாமிக்கு,

உங்கள் மருமகள் சுஜியின் தங்கை அஜிஷா பயத்தோடு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் எல்லாரும் சுகம். அங்கே நீங்களும், உங்கள் முழங்காலும், ஏழு மாத வயிற்றோடு எங்கள் அக்காவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் உங்கள் குரல் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எழுத வரும், அதனால் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை அக்காவைப் பிரசவத்துக்கு அழைக்க வந்தபோது உங்கள் அம்பூரி ஏற்றத்தில் எங்கள் வேன் ஆவி கக்கி நின்றதும், "இந்தத் தகரத்தில எனக்க மருமோளை ஏத்தி விடமாட்டேன். ஏற்றம் ஏறி வரட்டு, அனுப்புதேன். இல்லேங்கி பேறு இஞ்சதானாக்கும்" என்று நீங்கள் சொன்னதும் நியாயம். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தைக்கு நான் தைத்த பதினொரு சட்டைகளும் இங்கே சும்மா கிடக்கின்றன.

பட்டறைக்காரர் சதாசிவன் அண்ணன் வந்து பார்த்தார். டிரைவர் சீட்டுக்கு அடியில் எஞ்சின், அதற்கும் பின்னால் ஒளித்து வைத்ததுபோல் விரல் நீளத்தில் தண்ணீர் போகிற ஒரு ரப்பர் குழாய், அதுதான் வெடித்திருக்கிறதாம். பாறசாலையில் கேட்டால் "பழைய மாடலாக்கும், இப்போ வரத்தில்லை" என்றார்கள். நெய்யாற்றின்கரையில் கொடுத்த குழாய்க்கு வளைவு வேறு. உங்கள் மலை முழுக்க ரப்பர் மரம் நிற்கிறது மாமி, எங்களுக்கு ஒரு விரல் நீளத்துக்கு வழியில்லை. கடைசியில் திருப்புறத்தில் கோழி அடைக்கிற ஒரு செத்த வேனிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தோம். கோழி விஷயத்தை எழுதாதே என்று அப்பா சொன்னார்.

அதை மாட்ட சதாசிவன் அண்ணன் கை உள்ளே போகவில்லை. அப்பாவின் கை போனது, வரவில்லை. எண்ணெய் ஊற்றித்தான் எடுத்தோம். பிறகு எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். "எலே நேசையா, ஒனக்க மோளுக்க கையி ஈர்க்கிலு போலல்லவா இருக்கு, அவ போடட்டு" என்றார் சதாசிவன் அண்ணன் அப்பாவிடம். வேலிக்கு வெளியே பத்துப் பேர் நிற்க, நான் தலையைக் கவிழ்த்துக் கையை நுழைத்தேன். "மாட்டியாச்சா மக்கா?" என்று அப்பா கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். சீட்டுக்கடியில் ஆட்டிய தலை வெளியே யாருக்குத் தெரியும்? மாட்டியாயிற்று என்று நினைத்து அப்பா ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற, அத்தனையும் என் முகத்தில். "வெள்ளம் ஊத்தாதீங்க அப்பா!" என்று நான் போட்ட சத்தத்தில் வேலியோரம் நின்றவர்கள் எல்லாரும் பின்வாங்கினார்கள். "இந்தப் பிள்ளைக்கு நாக்கு உண்டாக்கும்!" என்றார் சதாசிவன் அண்ணன். வெட்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் சீட்டுக்கடியிலேயே இருந்து குழாயை மாட்டி, அதன் கிளிப்பை இரண்டு தடவை முறுக்கினேன்.

வண்டி இப்போது ஓடுகிறது. ஆகையால் இந்தச் சனிக்கிழமை அக்காவை மனம் கோணாமல் அனுப்பித் தரும்படி கெஞ்சிக் கேட்கிறேன். ஆண்டவர் உங்கள் வீட்டுக்குச் சமாதானம் தரட்டும்.

கீழ்ப்படிதலுள்ள,
அஜிஷா

பின்குறிப்பு: மாமி, கோபப்படாதீர்கள். கடிதத்தை மடிக்கும்போது அக்கா பையோடு முற்றத்தில் வந்து நின்றாள். நீங்கள் மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில் பஸ் ஏறிவிட்டாளாம். போனில் சொல்ல அவளுக்கும் பயம். வயிறு சுகம், இரண்டாம் தடவை சோறு வாங்கிவிட்டாள். உங்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்க அப்பா வேனில் புறப்படுகிறார். கடிதம் அவர் சட்டைப்பையில். இது உங்கள் கைக்கு வந்திருந்தால் வண்டி ஏற்றம் ஏறிவிட்டது என்று அர்த்தம். சொன்ன சொல்படி, வந்துவிட்ட அக்காவை நீங்களே அனுப்பி வைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.