அப்பீல் அண்ணனும் ஒரே ஒரு கிட்டும்

உலகத்தில் இதுவரை ஒரு கோல்கூட விழுந்ததில்லை என்று மனதார நம்பிய ஒரே கோல்கீப்பர், விழுப்புரத்தில் எங்கள் கல்லூரியில்தான் படித்தார். பந்து அவரைத் தாண்டிப் போய்க் கோல் பலகையில் மோதியிருக்கும். அம்பயர் விசில் ஊதியிருப்பார். எதிரணிக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து முடித்துத் திரும்பி நடந்துகொண்டிருப்பார்கள். இவர் மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அது எப்படி சார் கோலாவும்?" என்று ஆரம்பிப்பார். அதனால் அவருக்கு அப்பீல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ஹால் டிக்கெட்டில் இருந்தது. அதை யாரும் எடுத்துப் படித்ததில்லை.

நான் அந்த ஹாக்கி அணியில் அவருக்கு முன்னால் நின்ற ஃபுல்பேக். அதாவது பந்து அவரிடம் போகாமல் தடுக்க வேண்டியவன். எவ்வளவு தடுத்தேன் என்பதை அவர் வாயால் கேட்டால்தான் நன்றாக இருக்கும். கடலூரில் ஒன்பது கோல் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கணக்கை விளக்கினார்.

"ஒம்பதுல நாலு உன்னுது. நீ வழியில நின்னுக்கினு எனக்கு மறைச்ச. மூணு கிரவுண்டுது, கல்லுல பட்டு எகிறுச்சு. ஒண்ணு அம்பயருது. மீதி ஒண்ணு இருக்குது பாரு, அத வேணா பேசித் தீத்துக்கலாம்."

மைதானத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மெஸ் சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்று யாராவது நிரூபிக்கும்வரை தட்டை நகர்த்த மாட்டார். இன்டர்னல் மார்க் போட்ட பேராசிரியர்கள் அவரைக் கண்டால் மாடிப்படியை மாற்றிக்கொண்டு போவார்கள். ஒரு சலூனில் முடிவெட்டு சரியில்லை என்று அப்பீல் செய்தார். அவர்கள் திருத்தினார்கள். மறுபடி அப்பீல் செய்தார். மறுபடி திருத்தினார்கள். கடைசியில் மொட்டைத் தலையோடு விடுதிக்கு வந்து, தான்தான் ஜெயித்ததாகச் சொன்னார்.

எங்கள் அணியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கல்லூரி மைதானத்தில் காலையில் ஊர்க்காரர்கள் வாக்கிங் போவார்கள். பகலில் டிரைவிங் ஸ்கூல்காரர்கள் எட்டு போடுவார்கள். மீதி நேரம் எங்களுடையது. சுண்ணாம்புத் தூளில் நாங்கள் போட்ட கோடுகளையெல்லாம் யாராவது ஒரு எல் போர்டு கார் அழித்துவிட்டுப் போயிருக்கும். இப்படிப் பயிற்சி எடுத்துக்கொண்டு, போகிற ஊரிலெல்லாம் தோற்றுக்கொண்டு இருந்தோம். ஒரு நாள் கல்லூரி முதல்வர் எங்கள் பி.டி. சாரைக் கூப்பிட்டார். அடுத்ததாகத் திண்டிவனத்தில் ஆடப்போகும் லீக் ஆட்டத்திலும் தோற்றால் அணியைக் கலைத்துவிடலாம், மைதானத்தில் கார் நிறுத்த இடம் செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

பி.டி. சார் சாதுவான மனிதர். எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லாதவர். எங்களிடம் வந்து, "கோல்கீப்பர மாத்திப் பாக்கலாமாப்பா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

மாற்று ஆள் தயாராக இருந்தான். கிளியனூரிலிருந்து வந்து படித்த வாலிபால் ஆட்டக்காரன், என் வகுப்பு. அவனை ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். டவுன் பஸ்ஸில் நிற்கும்போது கம்பியைப் பிடிக்க மாட்டான், கூரைக்குத் தலையை முட்டுக்கொடுத்துக்கொள்வான். அப்படி ஒரு உயரம்.

அணியின் வாட்ஸ்அப் குழுவில் கேப்டன் ஓட்டெடுப்பு வைத்தார். கோல்கீப்பரை மாற்றலாமா? நாங்கள் எல்லோரும் 'ஆம்' என்று தட்டினோம். 'இல்லை' என்று ஒரே ஓட்டு. அது யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குழுவுக்கு அட்மினும் அவர்தான் என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். 'ஆம்' போட்ட அத்தனை பேரையும் அன்று மாலையே குழுவிலிருந்து நீக்கினார். குழுவில் அவரும், வாட்ஸ்அப்பைத் திறந்தே பார்க்காத பி.டி. சாரும் மிஞ்சினார்கள். மறுநாள் காலையில் அவர்கள் இருவருக்கும் மட்டுமாகப் புதிதாக ஓட்டெடுப்பு வைத்து, ஒருமனதாக ஜெயித்துவிட்டதாக அன்று மாலைப் பயிற்சியில் சார் முன்னால் போனை நீட்டினார்.

சார் அதைப் படித்துவிட்டு, "சரிப்பா, இருந்தாலும் மாத்திதான் ஆவணும்" என்றார்.

"மாத்திக்கோங்க சார். நான் இன்னா வேணாம்னா சொன்னேன்?"

"அப்ப அந்தக் கிட்டக் கழட்டிக் குடு."

"அது முடியாது சார்."

"அது காலேஜ் சொத்துப்பா."

"நானும் காலேஜுதான சார்."

விஷயம் இதுதான். கல்லூரியில் கோல்கீப்பருக்கு இருந்தது ஒரே ஒரு கிட். கால்களுக்கு இரண்டு பெரிய பேட், பாதத்துக்கு உதைக்கும் கிக்கர், மார்புக் கவசம், கையுறை, ஹெல்மெட். அது இல்லாமல் யாரும் கோலில் நிற்க முடியாது. ஆகவே கிட்டை யார் போட்டிருக்கிறாரோ அவர்தான் கோல்கீப்பர். அப்பீல் அண்ணன் மாலைப் பயிற்சிக்காக அதைப் போட்டிருந்தார். இனிமேல் கழற்றுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

இரண்டு பேர் ஒரு காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். அவர் இன்னொரு காலால் உதைத்தார். கிக்கர் உதைப்பதற்கென்றே செய்தது என்பதால் அவர்கள் உடனே விட்டுவிட்டார்கள்.

மறுநாள் வகுப்புக்குக் கிட்டோடு வந்தார். பெஞ்சில் பேட் மடங்காததால் காலை நடைவழியில் நீட்டி உட்கார்ந்தார். பொருளாதாரம் எடுக்கும் மேடம் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"யாருப்பா அது ஹெல்மெட்ல?"

"நான்தான் மேடம்."

"மூஞ்சிய காட்டு, அப்பதான் போடுவேன்."

"குரல வெச்சு போடுங்க மேடம். கழட்டினா புடுங்கிக்கினு ஓடிடுவானுங்க."

ஷேர் ஆட்டோவில் அவர் ஏறினால் மூன்று பேர் இறங்கினார்கள். டீக்கடையில் ஹெல்மெட் கம்பிக்குள் ஸ்ட்ராவை விட்டு டீ குடித்தார். விடுதி மாடிப்படியில் அவர் ஏறும் சத்தத்தில் மூன்றாவது மாடிக்காரன் எழுந்து உட்காருவான். பஸ் கிளம்பிவிட்டால் அந்தப் பாரத்தோடு துரத்திக்கொண்டு ஓடினார். குளியலறைக்கும் அப்படியே போய் அப்படியே வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று தெரியவில்லை, ஆனால் குளியல் நடக்கவில்லை என்பது நாளாக ஆக எல்லோருக்கும் தெரிந்தது.

இதில் கோபப்பட வேண்டிய ஒரே ஆள் கிளியனூர். அவனோ ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்துகொண்டிருந்தான். மார்புக் கவசத்துக்குள் அவருக்கு முதுகு அரித்தால் இவன்தான் ஸ்கேலை விட்டுச் சொறிவான்.

"மேலயா, கீழயாண்ணா?"

"கொஞ்சம் சோத்தாங்கை பக்கம். நீ இதெல்லாம் பண்றன்னு உனக்கு விட்டுக் குடுத்துடுவேன்னு நெனைக்காத."

"நான் இன்னாண்ணா கேட்டேன்? அரிக்குதுன்னீங்க, வந்தேன்."

ஒரு மத்தியானம் எனக்கே பொறுக்கவில்லை. "எதுக்குண்ணா இவ்ளோ பேஜாரு? நாம தோக்கறது தோக்கறதுதான். யாரு நின்னா இன்னா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முதன்முறையாக ஹெல்மெட்டைக் கொஞ்சம் மேலே தூக்கினார்.

"திருவெண்ணெய்நல்லூர்ல படிக்கறப்ப ஒரு டீம்லயும் என்ன சேத்துக்க மாட்டானுங்கடா. ரெண்டு பக்கமும் ஆள் பிரிச்சு முடிச்சாலும் நான் நின்னுக்கினே இருப்பேன். இங்க வந்தப்ப கோல்ல நிக்க ஆளு இல்லன்னு என்ன இஸ்துக்கினு போயி நிக்க வெச்சாங்க. எனக்குன்னு சொல்லி ஒருத்தன் காட்டின எடம் அதுதான். தோத்தா தோக்கறேன். போன்னு சொன்னா போவ மாட்டேன்."

சொல்லிவிட்டு ஹெல்மெட்டை இறக்கிக்கொண்டார்.  

திண்டிவனம் போகும் நாள் வந்தது. பஸ்ஸில் கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுக்கு லக்கேஜ் போடணும்" என்றார்.

"இது லக்கேஜ் இல்லண்ணா, துணி. நீங்க போட்டுக்கினு இருக்கிற காக்கிக்கு டிக்கெட் வாங்கினீங்களா?"

கண்டக்டர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து இடம் விட்டார். "பாவம், வண்டியில உழுந்துட்டியாப்பா? ரெண்டு காலுமேவா போச்சு?" என்று கேட்டு, ஒரு கை வேகவைத்த மல்லாட்டையும் கொடுத்தார். அப்பீல் அண்ணன் வாழ்க்கையில் அப்பீல் செய்யாமல் ஏற்றுக்கொண்ட முதல் தீர்ப்பு அதுதான். மயிலம் தாண்டுகிறவரை கடலைத் தோலை உரித்துக் கம்பி வழியாக ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்.

மைதானத்தில் இறங்கியதும் பி.டி. சார் கும்பிடாத குறையாகக் கேட்டார். "இப்பவாவது கழட்டுப்பா. ஜல்தி. கிளியனூர் ரெடியா நிக்கறான்."

"ஒரு கோல் உழட்டும் சார். உழுந்த நிமிஷம் கழட்டிக் குடுத்துடறேன்."

"உழுந்துதா இல்லையான்னு யாரு சொல்றது?"

அண்ணன் நீண்ட நேரம் யோசித்தார். "அம்பயரே சொல்லட்டும்" என்றார். அவர் அம்பயரை ஒப்புக்கொண்டதை அன்றுதான் பார்த்தோம். ஒரே ஒரு கோல் விழுந்தால் போதும், அதோடு அவர் கதை முடிந்தது. எங்கள் அணியின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஆட்டம் தொடங்கியது. நான் வழக்கம்போல ஏமாந்தேன், திண்டிவனத்துக்காரன் ஒருவன் என்னைத் தாண்டிக்கொண்டு போனான். பின்னால் சத்தம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. அப்பீல் அண்ணன் முன்னால் பாய்ந்து பந்தை உதைத்து வெளியே தள்ளியிருந்தார். அடுத்ததையும் தள்ளினார். அதற்கடுத்ததை விழுந்து தடுத்து, விழுந்த வேகத்தில் எழுந்தார். கிட்டைப் போட்டால் நெல் மூட்டை மாதிரி நகர்கிற மனிதர் இவர். ஒரு வாரமாக அதிலேயே படியேறி, அதிலேயே பஸ்ஸைத் துரத்தி, அதிலேயே தூங்கி எழுந்ததில் அந்தப் பாரம் அவருக்கு மறந்தே போயிருந்தது. எங்களை வீம்புக்கு அலைக்கழித்ததாக நினைத்தோம், மனிதர் தனக்கே தெரியாமல் பயிற்சி எடுத்திருக்கிறார்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது பெரிய கும்பலாக வந்து அடித்தார்கள். புழுதி அடங்கியது. பந்தைக் காணவில்லை. வலைக்குள் இல்லை, வெளியிலும் இல்லை. இருபது பேர் குனிந்து தேடினோம். அப்பீல் அண்ணன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"பந்து எங்கப்பா?" என்றார் அம்பயர்.

"நீங்கதான சார் பாத்துக்கினு இருந்தீங்க?"

"கொஞ்சம் நடந்து காட்டு."

அண்ணன் நடந்தார். இடது முழங்காலில் மட்டும் ஒரு வீக்கம் இருந்தது. கிழிந்த பேட்டுக்குள் ஸ்பாஞ்ச் போய்விட்ட ஓட்டையில் பந்து சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. விசில் அடிக்கும்வரை அதைக் காலிலேயே வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம் என்று பார்த்திருக்கிறார்.

சட்டப்படி அதற்குப் பெனால்டி கார்னர். அடிப்பவன் நிதானமாக நின்று அடிக்கலாம், தடுப்பவர்கள் கோட்டுக்குப் பின்னால் நின்று சாமி கும்பிடலாம். நாங்கள் கும்பிட்டோம். அவன் அடித்தான். அண்ணன் நீட்டிய காலுக்கும் கம்பத்துக்கும் நடுவே போய்ப் பலகையில் மோதிய சத்தம் ரோட்டில் போனவர்களுக்கே கேட்டிருக்கும்.

அண்ணன் இடுப்பில் கையை வைக்கவில்லை. அப்படியே கோட்டின் மேல் உட்கார்ந்து முதல் பக்கிளை அவிழ்க்க ஆரம்பித்தார்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. அம்பயரிடம் ஓடி, "சார், அது அவன் ஸ்டிக் தோளுக்கு மேல ஏறிடுச்சு சார்" என்றேன். திரும்பிப் பார்த்தால் மொத்த அணியும் என் பின்னால் நிற்கிறது. ஒருவன் கல் என்கிறான், ஒருவன் வெயில் என்கிறான், கேப்டன் பலகையே கோணல் என்கிறார். அவருக்குப் பச்சை அட்டை காட்டி இரண்டு நிமிடம் வெளியே அனுப்பினார்கள். போகும்போதும் பேசிக்கொண்டே போனார்.

"உடுங்கப்பா, கோலுதான்" என்றார் அண்ணன். பேட்டைக் கழற்றிக் கிளியனூரிடம் நீட்டினார். "இந்தா. சொன்னா சொன்னதுதான்."

கிளியனூர் அதை வாங்கி, முகத்தருகே கொண்டுபோய், உடனே கையைத் தூர நீட்டினான். பிறகு பி.டி. சாரைப் பார்த்தான்.

"சார், இத நான் போட மாட்டேன். நாத்தத்துக்காவ சொல்லல. நாத்தமும் இருக்குது. ஆனா அங்க நான் நிக்க மாட்டேன் சார்." அப்படியே குனிந்து, பேட்டை அண்ணன் காலில் திரும்பக் கட்டினான். சார் தலையை ஆட்டினார். மிச்ச நிமிடங்களும் ஆடி, ஒரே ஒரு கோலில் தோற்றோம்.

மறுநாள் முதல்வர் அறைக்கு வெளியே நாங்கள் எல்லோரும் நின்றோம். உள்ளே பி.டி. சார்.

"அப்ப தோல்விதானே?" என்றது முதல்வர் குரல்.

"ஸ்கோர்ல அப்படிப் போட்டிருக்காங்க சார்" என்றார் எங்கள் சாதுவான சார். "ஆனா அந்த ஒரு கோல் விஷயத்துல எனக்குச் சில சந்தேகம் இருக்குதுங்க." பிறகு ஆரம்பித்தார். கல்லைச் சொன்னார், வெயிலைச் சொன்னார், புதுப் பேட் வாங்கித் தராத கல்லூரியைச் சொன்னார். இடையில் ஒரு முறை மேசையைத் தட்டிய சத்தமும் கேட்டது. முதல்வர் களைத்துப்போன குரலில், "இன்னும் ஒரு வருஷம் பாருங்க. முதல்ல அந்தப் பையனக் குளிக்கச் சொல்லுங்க" என்றார்.

அன்று மத்தியானம் கிட்டை எல்லோருமாகச் சேர்ந்து துவைத்து, விடுதி மொட்டைமாடியில் காயப்போட்டோம். குளித்து முடித்து வந்த அப்பீல் அண்ணன் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"யாரும் எடுத்துக்கினு போவ மாட்டோம்ணா, கீழ வாங்க" என்றேன்.

"தெரியும்டா. சும்மாதான் உக்காந்துக்கினு இருக்கேன்."

வெயில் கொளுத்தியது. அது காய்கிறவரை நாங்களும் அவரோடு சும்மாதான் உட்கார்ந்திருந்தோம்.