பேரீத்தங்கொட்டைக் கோப்பியும் என் மருமகனும்

கல்முனைக்குடி,
20.05.1957

பெருமதிப்புக்குரிய பத்திராதிபர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அச்சுக்கூடத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் நட்டமெல்லாம் எங்கள் பக்கம்தான் வந்திருக்கிறது.

என் மருமகன் ஜவுபர் கோபித்துக்கொண்டு சம்மாந்துறையிலுள்ள தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். என் மகள் சுஹறாவுக்குக் கலியாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. காரணம், உங்கள் பத்திரிகையில் கிழமைதோறும் வரும் ‘நாட்டுப்புற இல்லத்துக்குச் சிக்கன யோசனைகள்’.

நான் சந்தையில் சாக்கு விரித்து உப்பு விற்றுத் தொடங்கி, இன்று பலசரக்குக் கடை வைத்திருப்பவன். எனக்குச் சிக்கனம் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் என் மனைவி சரீபா உங்களை நம்புகிறா. விளக்கில் உப்புப் போட்டால் மண்ணெண்ணெய் மிஞ்சும் என்று எழுதினீர்கள், போட்டா. எண்ணெய் மிஞ்சியது உண்மைதான், விளக்கு எரியவேயில்லை. தேய்ந்த சவர்க்காரத் துண்டுகளைக் காய்ச்சிக் கட்டியாக்கச் சொன்னீர்கள், காய்ச்சினா; அடுத்த நாள் அதே பானையில் பாற்சோறு, வாயைத் திறந்தால் நுரை. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நோன்பு மாதத்தில், பேரீத்தங்கொட்டையை எறியாதீர்கள், வறுத்து இடித்தால் அருமையான கோப்பி என்று போட்டீர்களே, யார் தின்ற கொட்டை என்று ஒரு வரி சேர்த்திருந்தால் உங்கள் மை தீர்ந்துபோயிருக்குமா? எங்கள் வீட்டுக் கொட்டை ஒரு சிரட்டைக்கும் காணாது. சரீபா என்ன செய்தா? பள்ளிவாசல் முற்றத்தில் ஊரார் நோன்பு திறந்து துப்பிய கொட்டைகளை மாதம் முழுக்கக் கூட்டி அள்ளுவித்து, சுடுதண்ணீரில் கழுவி, காயப்போட்டு, வறுத்து, உரலில் இடித்து, பெருநாளிலிருந்து மருமகனுக்குக் காலையும் மாலையும் ஊற்றிக் கொடுத்திருக்கிறா, கோப்பித்தூள் விற்கிற என்னிடம் ஒரு சொல் கேட்காமல். மருமகனும் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்துவிட்டுப் போன வெள்ளிக்கிழமை கேட்டார்:

“மாமி, இது எந்தத் தோட்டத்துக் கோப்பி? நல்ல வாசமா இரிக்கே.”

அவவுக்குப் பெருமை தாங்கவில்லை. “தோட்டமா? நம்மட பள்ளியில நோன்பு திறந்த ஆக்கள்ற கொட்டை, மகன். உங்கட வாப்பாவும் ஒருநாள் வந்தாரே, அவர்ர கொட்டையும் இதுக்க கிடக்கும்.”

கோப்பை கீழே. மருமகன் கிணற்றடியில். அரை மணித்தியாலம் வாய் கொப்பளித்துவிட்டு, சட்டையைத் தோளில் போட்டபடி சைக்கிளில் ஏறிவிட்டார்.

எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பது. மகளுக்கு வீட்டையே எழுதிக் கொடுத்த நான், ஒரு வாய் கோப்பி கொடுக்க வக்கில்லாமல் ஊர் எச்சிலைப் பொறுக்கினேன் என்று சம்மாந்துறை முழுக்கக் கதை. நேற்று என் பழைய வாடிக்கைக்காரர், வீரமுனை வேலப்போடியார், கோப்பித்தூள் சுற்றிய கடதாசிச் சரையை மூக்கில் வைத்துப் பார்த்து, “முதலாளி, இது ஆர் திண்ட கொட்டை?” என்கிறார். கடையே சிரிக்கிறது. வீட்டுக்குப் போனால் சுஹறா கதவைச் சாத்திக்கொண்டு, “அவர் வராட்டி நான் சோறு திங்க மாட்டன், வாப்பா” என்கிறாள்.

“எல்லாம் அந்தப் பேப்பர்க்காரன்ட வேலை, மகள்” என்றேன்.

“கொட்டைய அள்ளினதும் பேப்பர்க்காரனா?”

இதற்குப் பதில் உங்களிடம் இருக்கவேண்டும்.

ஆகவே அடுத்த இதழின் முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் மன்னிப்புக் கேட்கவேண்டும். என் மருமகனின் வாப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதமும் எழுதவேண்டும். இல்லாவிட்டால் சந்தாவை நிறுத்துவேன். உங்கள் பழைய இதழில் இனிச் சீனிகூடச் சுற்றமாட்டேன்.

தங்களுக்கும் தங்கள் பிள்ளைகுட்டிகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், எதையும் அச்சிடுமுன் ஒருதரம் குடித்துப் பார்க்கும் புத்தியையும் தருவானாக.

இப்படிக்கு,
காலிதீன்

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரம் சைக்கிள் மணி கேட்டது. மருமகன். தலையைக் குனிந்துகொண்டு, “உம்மாட கோப்பி வாய்க்குள்ள போகுதில்ல, மாமா” என்றார். ஆகவே மன்னிப்பு வேண்டாம். அந்த யோசனை வந்த இதழில் இன்னும் ஒன்று அனுப்புங்கள், அவருடைய உம்மா கேட்டாவாம். பேசி முடித்த ஏற்பாடு: மருமகன் இங்கேயே இருப்பார், கோப்பி அதே கோப்பிதான், கொட்டை முழுவதும் இந்த வீட்டில் தின்றதாக இருக்கவேண்டும். நாளுக்கு இருபது பழம் என் பங்கு, அவர் கண்முன்னால். துப்பக்கூடாது, கையால் எடுத்து வைக்கவேண்டும்.