இடது காலில் இறங்கிய சூடு

"என்ன தோணுச்சு?" என்று மனைவி கேட்டாள்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சாப்பாட்டு மேஜைமேல் போர்வை விரித்து, நாற்பது நிமிடமாக மல்லாந்து படுத்திருந்தார். அவருடைய தலை அவளுடைய இரண்டு உள்ளங்கைகளில் இருந்தது. அவள் அமுக்கவில்லை, தேய்க்கவில்லை, எண்ணெய் போடவில்லை, சும்மா ஏந்திக்கொண்டிருந்தாள். மேஜையின் ஒரு கால் ஆடுகிறது என்பதைத் தவிர அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

அந்தச் சிகிச்சைக்கு கிரேனியோசேக்ரல் தெரபி என்று பெயர். பெயரைத் தடுமாறாமல் சொல்லவே அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. மண்டையோட்டிலிருந்து முதுகுத்தண்டின் அடிவரை உடம்புக்குள் ஒரு மெல்லிய அசைவு ஓடுகிறதாம். ஒரு நாணயத்தின் கனத்துக்கு மேல் அழுத்தாமல் விரலை வைத்து அதைக் கவனிக்க வேண்டுமாம். பதினோரு வருடம் கடையில் பில் கவுண்டரில் நின்று நின்று கால் வீங்கிப்போன பிறகு, வேலையை விட்டுவிட்டு மனைவி இந்தப் படிப்பில் சேர்ந்திருந்தாள். பத்துப் பயிற்சி, பத்துப் படிவம், கடைசியில் ஒரு செய்முறைத் தேர்வு. தேறினால் சான்றிதழ். கீழ்த்தளத்தில் காலியாகக் கிடந்த அறைக்கு மனசுக்குள் போர்டுகூட மாட்டிவிட்டாள். தேறாவிட்டால் மறுபடியும் பில் கவுண்டர்தான்.

"சொல்லுங்க, எழுதணும்." படிவத்தின் மேல் பாதி படுத்தவர் சொல்வதற்கு. கீழ்ப் பாதி தொட்டவரின் குறிப்புக்கு. அதைப் படுத்தவர் பார்க்கக் கூடாது.

ஒரு கையில் பேனாவும் மறு கையில் அவர் தலையுமாக அவள் அவர் முகத்தையே பார்த்தாள். ஒண்ணுமில்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"லேசா... ஒரு சூடு."

"நிஜமாவா?"

"பின்னே, பொய்யா சொல்றேன்?"

விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வகுப்புச் செய்தியோடு வந்தாள்.

"பெரிய டீச்சர் கேட்டாங்க. அந்தச் சூடு எங்க போச்சுன்னு."

சூடு போகிற இடத்தையெல்லாம் கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "இடது கால்ல இறங்குச்சு" என்றார்.

மூன்றாவது வாரம், "இன்னிக்கு எப்படி?" என்று கேட்டாள்.

"அதேதான். வலது கால்ல இறங்குது."

"போன வாரம் இடதுன்னீங்க."

"இடுப்புகிட்ட வந்து கிராஸ் ஆகுது."

அவள் அவர் பிடரிக்கு அடியில் விரலை லேசாக நகர்த்தினாள். பிறகு மேல் பாதியில் இரண்டு வரி எழுதினாள். கீழ்ப் பாதி இடம் போதாமல் பின்பக்கத்துக்கும் போனது.

இனிமேல் முன்னுக்குப் பின் முரணாகப் பேசக் கூடாது என்று மெக்கானிக் முடிவு செய்தார். சொன்னதை எல்லாம் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் எழுதினால் மாட்டிக்கொள்வார். எப்போதும் பையில் இருந்தது, ஒவ்வொரு லிஃப்டின் பழுதையும் தனிப் பக்கத்தில் எழுதும் கம்பெனியின் லாக் புக் ஒன்றுதான். அதில் கடைசியாக எழுதியிருந்த பக்கத்தின் அடியில் பென்சிலால் எழுத ஆரம்பித்தார். சொல்வதற்குச் சரக்குத் தீர்ந்துபோனபோது தொழில் கைகொடுத்தது. நாலாவது வாரம் சூடு மேலே போனது. ஐந்தாவது வாரம் நடுவில் நின்றது.

ஆறாவது வாரம், தலையை ஏந்தியபடியே மனைவி சாதாரணமாகக் கேட்டாள்.

"என்னங்க, என் தங்கச்சி குடுத்த நீலப் பூச்சாடி உடைஞ்சுதே, அன்னிக்கு ஜன்னலை நான் சாத்திட்டுத்தானே போனேன்? எதிர்வீட்டுப் பூனை எப்படி உள்ள வந்துச்சு?"

"பூனைக்கு வழி சொல்லிக் குடுக்கணுமா? எப்படியோ வந்துச்சு, தட்டி விட்டுச்சு, போயிடுச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"ம்" என்றாள் மனைவி. விரல்கள் அசையவே இல்லை. டூல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாகத் திரும்பினால் என்னென்ன உடையும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பூனைக்கு அன்றிலிருந்து அந்த வீட்டில் பால் கிடையாது.

பத்தாவது படிவம் கொடுத்துவிட்டு வந்த நாளில் அவள் முகமெல்லாம் பூரிப்பு.

"உங்க வீட்டுக்காரரையே தேர்வுக்குக் கூட்டிட்டு வாங்கன்னு பெரிய டீச்சர் சொல்லிட்டாங்க. உங்களை நேர்ல பார்க்கணுமாம். உங்க படிவத்தைத்தான் எல்லாருக்கும் படிச்சுக் காட்டறாங்களாம்."

மெக்கானிக்குக்கு வயிற்றைக் கலக்கியது. அதுதான் அந்தப் பத்து வாரத்தில் அவர் உடம்பில் உண்மையாகத் தோன்றிய முதல் உணர்வு.

தேர்வன்று காலையில் பயிற்சி நிலையம் இருந்த கட்டடத்துக்குப் போனார்கள். நிலையம் ஆறாவது மாடியில். லிஃப்ட் கதவின் குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தது. 'பழுது. உபயோகிக்காதீர்கள்.' கையெழுத்து அவருடைய சூப்பர்வைசருடையது.

ஓரமாகப் போய் சூப்பர்வைசருக்கு போன் போட்டார்.

"சார், நான் பார்த்தப்ப அந்த லிஃப்ட்ல ஒரு பிரச்சினையும் இல்லையே!"

"நேத்துதான் லாக் புக்கைப் பார்த்தேன். அந்த லிஃப்ட் பக்கத்துக்கு அடியில நீதானய்யா எழுதியிருக்க? 'இடது பக்கம் சூடு. மேலே போகிறது. நடுவில் நிற்கிறது. இறங்கும்போது நடுக்கம். காரணம் தெரியவில்லை.' இதைப் படிச்சுட்டு எவன் ஓட விடுவான்?"

"அது... அது லிஃப்டைப் பத்தி இல்ல சார்."

"பின்னே யாரைப் பத்தி?"

மெக்கானிக் போனை வைத்துவிட்டார்.

படியேறும்போது மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு பருமனான அம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மூச்சு வாங்கியது. அவர்தான் பெரிய டீச்சர்.

"எவனோ ஒரு மெக்கானிக், காரணம் தெரியலைன்னு எழுதிட்டானாம். முட்டி போச்சு எனக்கு" என்றார்.

"உங்க கம்பெனி லிஃப்ட்தானேங்க?" என்றாள் மனைவி.

"எங்களுக்கு ஊர் முழுக்க லிஃப்ட் இருக்கு" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் இரண்டு இரண்டு படியாக ஏறினார். அது தப்பாகப் போயிற்று. ஆறாவது மாடியில் தேர்வு அறைக் கட்டிலில் போய் விழுந்தபோது இதயம் தொண்டைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. கண்மேல் ஒரு சின்ன துணியை மடித்துப் போட்டார்கள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பெரிய டீச்சர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"என்ன உணர்றீங்க?"

கேட்ட உடனே சொல்லிவிடுவது நல்லது என்று அவருக்குப் பட்டது. "சூடு மேடம். இடுப்புல கிராஸ் ஆகி, மேல போய், நடுவுல நிக்குது. அவ கை பட்டதுமே ஆரம்பிச்சிடுச்சு."

"அவங்க இன்னும் கை கழுவிக்கிட்டிருக்காங்க."

மெக்கானிக் துணியை விலக்கிப் பார்த்தார். மனைவி மூலையில் குழாயடியில் நின்றிருந்தாள். கையில் சோப்பு நுரை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எப்போதும் போல அவர் தலைக்குக் கீழே இரண்டு கைகளையும் வைத்தாள். பெரிய டீச்சரும் அவர் பிடரியில் ஒரு விரலை வைத்தார்.

அவருக்கு அவமானமாக இருந்தது. தன்னை நினைத்து அல்ல. வீங்கின காலோடு அவள் மறுபடி பில் கவுண்டரில் நிற்பது கண்முன்னால் தெரிந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"மேடம், இவ மேல தப்பில்ல. எனக்கு ஒண்ணுமே தோணல. இன்னிக்கு மட்டும் இல்ல, பத்து வாரமும் தோணல. சொன்னது எல்லாம் நானா அளந்துவிட்டது. பாவம், ஆசையா கேட்டா, சந்தோஷப்படட்டும்னு சொன்னேன். அந்த மெக்கானிக்கும் நான்தான்."

பெரிய டீச்சரின் பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. எழுதட்டும், எல்லாம் முடிந்தது என்று அவர் கண்ணை மூடினார். சொல்லவேண்டியது எதுவும் மிச்சமில்லாததால் கழுத்து தானாகத் தளர்ந்தது. பத்து வாரத்தில் முதல் முறையாக, அவர் தூங்கிவிட்டார். குறட்டையும் விட்டாராம்.

விழித்தபோது அறையில் யாரும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்தார். மன்னிப்புக் கேட்பதற்கு நாலு விதமான வாக்கியங்களைத் தயார் செய்தார். நாலுமே லாக் புக் மாதிரி இருந்தன.

நிலையத்தின் ஆபீஸ் அம்மாள் ஒரு தடித்த ஃபைலோடு வந்தார்.

"நீங்கதானே படிவத்துக்காரர்? உங்க வீட்டம்மா உள்ள கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்காங்க. பாஸ் ஆயிட்டாங்க. இந்த பேட்ச்லயே முதல் மார்க்."

"என்னங்க சொல்றீங்க? நான் சொன்னது பூரா பொய்யாச்சே!"

"அதைத்தானே அவங்க பத்துப் படிவத்துலயும் கீழ் பாதியில எழுதியிருக்காங்க! 'இவர் சொல்வது பொய்'னு. பொய் சொல்றப்ப எல்லாம் உங்க பிடரியில ஒரு இடம் ரெண்டு செகண்ட் இறுகுதாம், படமே போட்டுக் காட்டியிருக்காங்க. இன்னிக்கு நீங்க உண்மையைச் சொன்னப்ப பெரிய டீச்சரும் கையை வச்சுப் பார்த்தாங்க. அந்த இடம் இறுகவே இல்லையாம். இப்படி ஒரு கையை இதுவரைக்கும் பார்த்ததில்லைன்னு சொல்லிட்டாங்க."

மெக்கானிக் பெஞ்சில் சாய்ந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. கீழ்த்தள அறை, போர்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கப்போகும் வேலை, எல்லாம் திரும்பி வந்துவிட்டன. தன் பொய்யாலும் ஒரு நல்லது நடந்ததே என்று நிம்மதியாக மூச்சுவிட்டார்.

ஆபீஸ் அம்மாள் ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:

"ஆறாவது படிவத்துல மட்டும், 'பூனைமேல் தப்பில்லை, தேர்வு முடிந்ததும் பேசிக்கொள்கிறேன்'னு எழுதியிருக்காங்களே, அது என்ன சார்?"