மயில் போட்ட தகரம்

"அண்ணே, இது மேலயா உக்காந்தீக?"

செல்வதுரை கையிலிருந்த தகரம் அப்பளமாக நொறுங்கியிருந்தது.

"வண்டியில வேற எங்க உக்கார?" என்றார் வண்டிக்காரர் ஆண்டிச்சாமி. குறுக்கே வெட்டிய மண்ணெண்ணெய் டின்னில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தார்.

யுத்த காலம். சிறிய மரப்படகு நம் கப்பல்களின் ரேடாரில் தெரியாது. கம்பத்தில் மூலை மூலையாக மடித்த தகர எதிரொளிப்பான் கட்டினால் தெரியும். எது நன்றாகத் தெரிகிறதென்று பார்க்க பம்பாய், கல்கத்தா, லண்டனிலிருந்து ஒவ்வொன்று வந்திருந்தது. கடலில் வைத்தால் எதிரி பார்த்துவிடுவான். அதனால் படகை மாட்டுவண்டியில் ஏற்றி, திருச்சுழிப் பக்கம் வறண்ட கண்மாயில் நிறுத்தியிருந்தார்கள்.

நொறுங்கியது லண்டன் தகரம். செல்வதுரை தற்காலிக குமாஸ்தா. சோதனை நல்லபடி முடிந்தால் வேலை நிரந்தரம். இது தெரிந்தால் வேலையே போய்விடும்.

கல்லால் தட்டி நிமிர்த்தினான். இரண்டாகப் பிளந்தது. அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறி, தகரவேலை சண்முகவேலிடம் கொடுத்தான். பற்றவைத்தார். ஓட்டை விழுந்தது.

"விடுங்க தம்பி, புதுசாவே செஞ்சிருவோம்."

செய்தார். கையைக் கிழிக்குமென்று மூலைகளையெல்லாம் வளைத்துவிட்டு, நடுவில் ஒரு மயிலும் அடித்திருந்தார்.

"மயிலு எதுக்குண்ணே?"

"மொட்டையாக் குடுத்தா நம்ம கடைப் பேரு என்னாகுறது?"

அதிகாரி மயிலைப் பார்த்தால் தீர்ந்தது. செல்வதுரை மூன்றையும் தனித்தனிச் சாக்கில் கட்டினான். மயில் சாக்கை மட்டும் வண்டிக்கடியில், ஆண்டிச்சாமியின் தீவன டின் சாக்குக்குப் பக்கத்தில் ஒளித்தான்.

காலையில் அதிகாரி ராஜகுரு ரேடார் லாரியில் வந்தார். "சாக்கு எதுக்குய்யா?"

"ரகசியம் சார்."

"சபாஷ்! சாக்கு ரேடாரைத் தடுக்காது. கட்டு!"

பம்பாய் ஏறியது. திரையில் ஒரு புள்ளி. கல்கத்தா, கொஞ்சம் பெரிய புள்ளி.

"லண்டன் எங்கய்யா?"

செல்வதுரை வண்டிக்கடியில் கைவிட்டு, அகப்பட்ட சாக்கை இழுத்துக் கட்டினான். கண்ணை மூடிக்கொண்டான்.

ரேடார் லாரிக்குள்ளிருந்து கூச்சல் கேட்டது. ராஜகுரு குதித்து ஓடிவந்தார்.

"கப்பலே வந்த மாதிரி தெரியுதுய்யா! லண்டன் லண்டன்தான்! இதே மாதிரி ஆயிரம் அனுப்பச் சொல்லித் தந்தி அடிக்கிறேன். உன் வேலை இன்னியிலிருந்து நிரந்தரம்!"

எல்லாரும் கைதட்டினார்கள். செல்வதுரைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆண்டிச்சாமி மட்டும் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, சாக்கு மாறிப்போச்சு. மேல கட்டியிருக்க என் டின்னைக் கழட்டிக் குடுங்க. இந்த மயிலப் பாத்து மாடு பருத்திக்கொட்டையில வாயே வைக்கமாட்டேங்குது."